செக்வொர்: இலத்தீனின் ஒரு டெப்போனன்ட் வினையைப் படிப்பது எப்படி

இலத்தீன் படிக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனவர்களுக்குச் செய்வினையும் செயப்பாட்டுவினையும் ஓரளவு பிடிபட்டிருக்கும். ரெகோ என்றால் 'ஆள்கிறேன்'. ரெகொர் என்றால் 'ஆளப்படுகிறேன்'. கடைசியில் ஓ வந்தால் நான் செய்கிறேன். ஒர் வந்தால் எனக்குச் செய்யப்படுகிறது. சரி, இதில் குழப்பமே இல்லை என்று நிம்மதியாக இருக்கும்போது செக்வொர் என்று ஒரு சொல் வரும். கடைசியில் ஒர் இருக்கிறதே என்று 'பின்தொடரப்படுகிறேன்' என எழுதுவோம். சரியான விடையோ 'பின்தொடர்கிறேன்'. செக்வோ என்று தேடினால் அகராதியில் அப்படி ஒரு தலைச்சொல் கிடைக்காது.

இப்படி உருவத்தில் செயப்பாட்டுவினையாகவும் பொருளில் செய்வினையாகவும் இருக்கும் சொற்களை டெப்போனன்ட் வினைகள் என்கிறார்கள். 'கீழே வைத்துவிடுதல், களைந்துவிடுதல்' என்று பொருள்படும் தேபோனெரெ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்த பெயர் அது. செய்வினை உருவத்தைக் களைந்துவிட்ட வினை என்று பழைய இலக்கணப் புத்தகங்கள் விளக்கம் சொல்லும். அந்த விளக்கத்தை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. செக்வொர் எதையும் களையவில்லை. அதற்குச் செய்வினை உருவம் தொடக்கத்திலிருந்தே இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால் மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும். அதனால் வாய்பாட்டுக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

முதலில், தமிழிலேயே இருப்பது

'அடிக்கப்பட்டான்', 'அழைக்கப்பட்டான்' என்பவற்றில் படு என்ற துணைவினை செயப்பாட்டுப் பொருளைத் தருகிறது. இப்போது இவற்றைப் பாருங்கள்: ஆசைப்பட்டான், கோபப்பட்டான், பயப்பட்டான், இரக்கப்பட்டான், ஆச்சரியப்பட்டான், புறப்பட்டான். அதே படுதான். ஆனால் இவனை யாரும் ஆசைக்கு உள்ளாக்கவில்லை, யாரும் புறப்படச் செய்யவில்லை. செய்தவன் இவனே. வேறு யார்மீதோ செய்யாமல், செயல் இவனுக்குள்ளேயே, இவனைத் தொட்டே நடக்கிறது.

இலத்தீனின் டெப்போனன்ட் வினைகளில் சிலவற்றைக் கேளுங்கள். வெரெஒர் என்றால் பயப்படுகிறேன். மீரொர் என்றால் ஆச்சரியப்படுகிறேன். ஈராஸ்கொர் என்றால் கோபப்படுகிறேன். மிஸெரெஒர் என்றால் இரக்கப்படுகிறேன். ப்ரொஃபிகீஸ்கொர் என்றால் புறப்படுகிறேன். தமிழ் படு போட்டுச் சொல்லும் இடங்களிலேயே இலத்தீன் ஒர் போட்டுச் சொல்கிறது. இரண்டும் உறவில்லாத மொழிக் குடும்பங்கள். ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கவும் இல்லை. மனிதர் உணர்கிற, நகர்கிற, பேசுகிற செயல்களைத் தனி உருவத்தில் சொல்லும் தேவை இரண்டுக்கும் இருந்திருக்கிறது. ஆங்கில வழியில் இலத்தீன் படிப்பவர்களுக்கு டெப்போனன்ட் பெரிய விந்தையாகத் தெரியும். புறப்பட்டான் என்று அன்றாடம் சொல்கிற நமக்கு அப்படித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: எல்லா டெப்போனன்ட் வினைகளுக்கும் தமிழில் படு கிடைக்காது. 'பேசு' என்ற பொருளுடைய லொக்வொர், 'இற' என்ற பொருளுடைய மொரிஒர், நம் செக்வொர் எல்லாம் தமிழில் சாதாரண வினைகளே.

அடுத்து, எங்கிருந்து வந்தது

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பழைய நிலையில் செய்வினைக்கு எதிரே நின்றது செயப்பாட்டுவினை அல்ல. 'நடு வினை' என்று சொல்லத்தக்க ஒன்று இருந்தது. செயலின் விளைவு செய்பவரிடமே திரும்புவதை அது காட்டியது. சமஸ்கிருத இலக்கணம் தெரிந்தவர்கள் ஆத்மனேபதம், பரஸ்மைபதம் என்ற பிரிவைக் கேட்டிருப்பார்கள். தனக்கான சொல், பிறர்க்கான சொல். அந்த ஆத்மனேபதம்தான் நடு வினை. இலத்தீனில் இந்த நடு வினை உருவங்கள் காலப்போக்கில் செயப்பாட்டுப் பொருளுக்கு வேலை செய்யத் தொடங்கின. ஆனால் முன்பிருந்தே நடு வினையாக மட்டும் வழங்கிய சொற்கள் தங்கள் உருவத்தையும் பொருளையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவைதான் டெப்போனன்ட் வினைகளின் மூத்த தலைமுறை.

இதற்குச் செக்வொரைவிட நல்ல சாட்சி கிடையாது. இதன் வேர் செக்வ், பொருள் 'பின்தொடர்'. கிரேக்கத்தில் இதே வேர் ஹெபொமை என்று வரும். சொல்முதல் ஸ் கிரேக்கத்தில் ஹ் ஆகும் (இலத்தீன் செப்தெம், கிரேக்கம் ஹெப்தா, இரண்டும் ஏழு). சமஸ்கிருதத்தில் ஸசதே. இலத்தீனின் க்வ அங்கே ச ஆவதற்கு இன்னொரு சான்று வேண்டுமானால், இலத்தீனில் நான்கு க்வத்துஒர், சமஸ்கிருதத்தில் சதுர். நம் 'சதுரம்' அங்கிருந்து வந்ததுதான். பழைய ஐரிஷ் மொழியில் செஹிதிர். இந்த நான்கும் அந்தந்த மொழியில் நடு வினை அல்லது டெப்போனன்ட் உருவத்திலேயே இருக்கின்றன: கிரேக்கத்தில் நடு வினை, சமஸ்கிருதத்தில் ஆத்மனேபதம், ஐரிஷிலும் இலத்தீனிலும் டெப்போனன்ட். இத்தாலியிலும் அயர்லாந்திலும் இந்தியாவிலும் தனித்தனியாக யாரும் முடிவுசெய்து இப்படி ஆக்கியிருக்க முடியாது. பிரிவதற்கு முன்பே அந்தச் சொல் அப்படித்தான் இருந்தது.

அதே வேரிலிருந்து பிறந்தவை நம் பேச்சுவரை வந்திருக்கின்றன. கூடவே வருபவர் என்ற பொருளில் இலத்தீனில் சொகிஉஸ் என்றால் கூட்டாளி. 'சோஷியல்' அதன் வழி. சமஸ்கிருதத்தின் சகா, சகி ஆகியவையும் இதே வேரைச் சேர்ந்தவை என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. பின்தொடர்வது என்ற பொருளில் செகுந்துஸ். முதலாவதைப் பின்தொடர்வது இரண்டாவது. ஒரு மணியை முதல்முறை பகுத்த சிறு பகுதி நிமிடம், இரண்டாம் முறை பகுத்த சிறு பகுதி செகண்ட். கப்பலுக்குப் பின்னாலிருந்து வீசும் காற்றையும் ரோமர்கள் செகுந்துஸ் என்றே சொன்னார்கள். பின்தொடரும் காற்று கடலோடிக்குச் சாதகமான காற்று என்பதால் அந்தச் சொல்லுக்கே 'சாதகமான' என்ற பொருள் வந்துவிட்டது. சீக்வென்ஸ், சினிமாக்காரர்களின் சீக்குவல், நீதிமன்றத்தின் பிராசிக்யூஷன், அலுவலகத்தின் எக்ஸிக்யூட்டிவ், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த சிவில் சூட்... இந்தப் பட்டியல் நீளும். வாய்பாட்டில் செக்வ், செக்கூத் என்று இரண்டு அடிகள் வருவதை மறந்துபோனால் சீக்வென்ஸையும் எக்ஸிக்யூட்டிவையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது நிகழ்கால அடியில் பிறந்தது, இரண்டாவது முற்று அடியில் பிறந்தது.

எழுத்தும் ஒலியும்

இலத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுவது வீண் வேலை என்று சிலர் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாதாரண ரோமன் எழுத்தில் எ, ஏ வேறுபாடு தெரியாது. பாடப்புத்தகங்களில் மட்டும் நெடிலுக்கு மேலே கோடு போட்டிருப்பார்கள். தமிழில் அது எழுத்திலேயே இருக்கிறது. செக்வொர் விஷயத்தில் இந்த ஒரு வேறுபாடு ஒரு காலத்தையே மாற்றும் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இதில் ஒரு அழகான தொடர்பும் உண்டு. எ, ஏ இரண்டையும் இன்று நாம் எழுதும் முறையில் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்பது பலரும் படித்த செய்தி. 1680-ல் இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த அந்த இயேசு சபைத் துறவி, 1728-ல் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில்தான் எழுதினார். இலத்தீன் தெரிந்தவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க எழுதிய புத்தகம் அது. அவர் தெளிவாக்கிய கொம்பு, இன்று தமிழ் தெரிந்தவர் இலத்தீன் படிக்கவும் உதவுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் எழுதும் முறை இது. க்வத்துஒர் தவிர மற்றவற்றில் த்து, க்கூ என்று இரட்டித்திருப்பது வல்லோசை காட்ட மட்டுமே. ரோமர்கள் அங்கே ஒற்றை எழுத்துத்தான் எழுதினார்கள். ந்த்து என்றால் வல்லோசை, ந்து என்றால் 'வந்து' என்பதில் வருவது போன்ற மெல்லிய ஓசை. சொல்முதல் ச-வை 'சட்டை' என்பதில் வருவதுபோல் ஒலியுங்கள்.

முதல் படி: மூன்று உருவங்கள்

சாதாரண இலத்தீன் வினைக்கு அகராதியில் நான்கு முதன்மை உருவங்கள் இருக்கும். டெப்போனன்ட் வினைக்கு மூன்றுதான்:

செக்வொர் – பின்தொடர்கிறேன்
செக்வீ – பின்தொடர (பின்தொடர்தல்)
செக்கூத்துஸ் சும் – பின்தொடர்ந்தேன்

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். அகராதியில் தலைச்சொல் ஒர் என்று முடிந்து, மூன்றாவது உருவத்தில் சும் இருந்தால் அது டெப்போனன்ட். இரண்டாவது உருவம் செக்வீ என்று வெறும் ஈ-யில் முடிவதால், இலத்தீனின் நான்கு வினை வகைகளில் இது மூன்றாம் வகை என்று தெரிகிறது. முதல் வகையாக இருந்தால் ஆரீ, இரண்டாம் வகையாக இருந்தால் ஏரீ, நான்காம் வகையாக இருந்தால் ஈரீ வந்திருக்கும்.

இரண்டாம் படி: நிகழ்காலம்

செக்வொர் – பின்தொடர்கிறேன்
செக்வெரிஸ் – பின்தொடர்கிறாய்
செக்வித்துர் – பின்தொடர்கிறான், பின்தொடர்கிறாள், பின்தொடர்கிறது
செக்விமுர் – பின்தொடர்கிறோம்
செக்விமினீ – பின்தொடர்கிறீர்கள்
செக்வுந்த்துர் – பின்தொடர்கிறார்கள், பின்தொடர்கின்றன

ஒர், ரிஸ், துர், முர், மினீ, ந்த்துர். செயப்பாட்டுவினைக்குப் படித்த அதே விகுதிகள்தான். புதிதாக எதுவும் இல்லை. ரிஸ், மினீ தவிர எல்லாமே ர் என்று முடிகின்றன பாருங்கள். அந்த ர் பழைய நடு வினையின் அடையாளம். செக்வெத்தொர் என்பது போன்ற பழைய உருவம்தான் காலப்போக்கில் நடு உயிர் மெலிந்து செக்வித்துர் ஆனது.

படர்க்கையில் ஆண், பெண், அஃறிணை என்ற பிரிவு விகுதியில் இல்லை. தமிழில் மொழிபெயர்க்கும்போது யார் என்று வாக்கியத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். முன்னிலை ஒருமைக்குச் செக்வெரெ என்று இன்னொரு உருவமும் உண்டு, கவிதையில் அடிக்கடி வரும்.

மூன்றாம் படி: தொடர் இறந்தகாலமும் எதிர்காலமும்

பின்தொடர்ந்துகொண்டிருந்தேன் என்ற பொருளுக்கு: செக்வேபர், செக்வேபாரிஸ், செக்வேபாத்துர், செக்வேபாமுர், செக்வேபாமினீ, செக்வேபந்த்துர். நடுவில் ஏபா நுழைகிறது, அவ்வளவுதான். ர் மட்டும் கடைசியில் நிற்கும்போதும் ந்த் வருமுன்னும் அந்த ஆ குறுகி அ ஆகிறது. இதைத் தாண்டி இங்கே நேரம் செலவிட வேண்டாம்.

எதிர்காலத்தில்தான் நிதானம் வேண்டும்.

செக்வர் – பின்தொடர்வேன்
செக்வேரிஸ் – பின்தொடர்வாய்
செக்வேத்துர் – பின்தொடர்வான்
செக்வேமுர் – பின்தொடர்வோம்
செக்வேமினீ – பின்தொடர்வீர்கள்
செக்வெந்த்துர் – பின்தொடர்வார்கள்

செக்வெரிஸ் நிகழ்காலம், செக்வேரிஸ் எதிர்காலம். ரோமன் எழுத்தில் கோடு இல்லாமல் அச்சிட்ட பக்கத்தில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. வாய்விட்டுப் படித்தால் அழுத்தமும் மாறும்: குறிலாக இருந்தால் முதல் அசையில் அழுத்தம், நெடிலாக இருந்தால் நடு அசையில். இரண்டையும் மாற்றி மாற்றிச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கண்ணால் மட்டும் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

யோவான் நற்செய்தியின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் 13-ஆம் அதிகாரத்தில் இது அப்படியே வருகிறது. நான் போகும் இடத்துக்கு உன்னால் இப்போது என்னைப் பின்தொடர இயலாது என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். அங்கே 'பின்தொடர' என்பது செக்வீ. உடனே அடுத்த வாக்கியம்: செக்வேரிஸ் அவ்த்தெம் பொஸ்தெஆ. பொஸ்தெஆ என்றால் பின்னர். ஆகவே இது நிகழ்காலமாக இருக்க முடியாது: 'ஆனால் பின்னர்ப் பின்தொடர்வாய்'. கோடு இல்லாத பக்கத்தில் உங்களுக்குத் துணை இதுபோன்ற பக்கத்துச் சொற்கள்தான். பின்னர், நாளை, இப்போது என்று காலம் காட்டும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

நான்காம் படி: முற்று

இங்கே இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரு வினையாகும். செக்கூத்துஸ் என்ற எச்சமும், 'இரு' என்ற பொருளுடைய சும் என்ற வினையும்.

செக்கூத்துஸ் சும், செக்கூத்துஸ் எஸ், செக்கூத்துஸ் எஸ்த். செக்கூத்தீ சுமுஸ், செக்கூத்தீ எஸ்திஸ், செக்கூத்தீ சுந்த்.

பின்தொடர்ந்தேன், பின்தொடர்ந்தாய், பின்தொடர்ந்தான் என்று இப்படியே போகும். எஸ்த் என்பதைப் பார்த்ததும் 'இருக்கிறான்' என்று நிகழ்காலத்தில் மொழிபெயர்க்கக் கை போகும். வேண்டாம். இரண்டு சொல்லும் சேர்ந்து இறந்தகாலம்.

செக்கூத்துஸ் பெயரடைபோல் பாலும் எண்ணும் காட்டும். பேசுபவர் பெண்ணாக இருந்தால் செக்கூத்த சும். பல பெண்கள் என்றால் செக்கூத்தை சுந்த். நிகழ்காலத்தில் காணாமல் போயிருந்த பால் வேறுபாடு இங்கே தன்மையில்கூட வந்து நிற்கிறது. தமிழில் 'நான் பின்தொடர்ந்தேன்' என்பதை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, இலத்தீனில் சொல்லிவிடலாம்.

சும் இருக்கும் இடத்தில் எரம் போட்டால் 'பின்தொடர்ந்திருந்தேன்'. எரோ போட்டால் 'பின்தொடர்ந்திருப்பேன்'. இரண்டுக்கும் தனி வாய்பாடு படிக்க வேண்டாம், சும் வினையின் வாய்பாடு தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: ஏவலும் வியங்கோளும்

ஒருவரிடம் 'பின்தொடர்' என்று சொல்ல: செக்வெரெ. பலரிடம்: செக்விமினீ. முதலாவது உருவம் நிறையப் பேரை ஏமாற்றும். ரெகெரெ என்றால் 'ஆள' என்ற எச்சம். அதே வாய்பாட்டில் படித்த பழக்கத்தில் செக்வெரெ-யையும் 'பின்தொடர' என்று எடுத்துவிடுவோம். செக்வொருக்கு அந்தப் பொருளில் வருவது செக்வீ மட்டுமே. எரெ என்று முடிந்தால் அது கட்டளை, அல்லது நான் முன்பு சொன்ன முன்னிலை ஒருமையின் இன்னொரு உருவம்.

இலக்கணப் புத்தகங்கள் சப்ஜங்டிவ் என்று சொல்லும் உருவம் செக்வர், செக்வாரிஸ், செக்வாத்துர், செக்வாமுர், செக்வாமினீ, செக்வந்த்துர். தனி வாக்கியத்தில் வரும்போது இதை நம் வியங்கோளாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்: செக்வாத்துர் என்றால் 'பின்தொடர்க, பின்தொடரட்டும்', செக்வாமுர் என்றால் 'பின்தொடர்வோமாக'. முதல் உருவமான செக்வர் எதிர்காலத்திலும் இதிலும் ஒன்றே, அதற்கு மாற்று வழியில்லை. மற்ற ஐந்திலும் ஏ இருந்தால் எதிர்காலம், ஆ இருந்தால் வியங்கோள். ந்த் வருமுன் அவை எ, அ என்று குறுகியிருக்கும். துணை வாக்கியங்களில் வரும் செக்வெரெர், செக்வெரேரிஸ், செக்வெரேத்துர் என்ற வரிசையும், செக்கூத்துஸ் சிம், செக்கூத்துஸ் எஸ்ஸெம் என்ற இரண்டும் மீதி இருக்கின்றன. அவற்றைத் துணை வாக்கியப் பாடம் வரும்போது படித்தால் போதும்.

ஆறாம் படி: எச்சங்கள்

எனக்கு இந்த வினையில் மிகவும் பிடித்த பகுதி இது. டெப்போனன்ட் வினை முழுக்கச் செயப்பாட்டு உருவம் என்று சொன்னோம். ஆனால் மூன்று இடங்களில் அது செய்வினை உருவத்திலேயே வரும்: செக்வேன்ஸ் (பின்தொடர்கிற), செக்கூத்தூருஸ் (பின்தொடரவிருக்கிற), பிறகு அந்த இரண்டாவதோடு எஸ்ஸெ ('இருக்க') சேர்ந்த எதிர்கால எச்சம். இன்னொரு பக்கம் செக்வெந்துஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு உருவம் மட்டுமல்ல, பொருளும் செயப்பாட்டுதான்: 'பின்தொடரப்பட வேண்டிய'.

இவற்றைவிட முக்கியம் செக்கூத்துஸ் தனியாக வரும் இடம். சாதாரண வினைகளில் இந்த எச்சம் செயப்பாட்டுப் பொருள் மட்டுமே தரும். 'ஆளப்பட்ட' என்று சொல்லலாம், 'ஆண்டு' என்று ஒரே சொல்லில் சொல்ல இலத்தீனுக்கு வழியில்லை. 'வந்து', 'பார்த்து', 'சொல்லிவிட்டு' என்று தமிழில் நாம் வரிசையாக அடுக்கும் வினையெச்சம் அங்கே கிடையாது. டெப்போனன்ட் வினைகளில் மட்டும் அது இருக்கிறது. செக்கூத்துஸ் என்றால் 'பின்தொடர்ந்து'.

சீசர் தன் காலியா (இன்றைய பிரான்ஸ் பகுதி) போர்க் குறிப்புகளில் இதை எப்படிப் பயன்படுத்துகிறார் பாருங்கள்: கொஹொர்த்தாத்துஸ் சுஓஸ் ப்ரொஎலிஉம் கொம்மீஸித். 'தன் ஆட்களை உற்சாகப்படுத்தி, போரைத் தொடங்கினார்.' கொஹொர்த்தாத்துஸ் என்பது கொஹொர்த்தொர் என்ற டெப்போனன்ட் வினையின் எச்சம். சுஓஸ் 'தன் ஆட்களை'. தமிழ் வாக்கிய அமைப்பு அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் துணைச்சொல் சேர்க்க வேண்டியிருக்கும். தமிழ் மாணவர் 'உற்சாகப்படுத்தி' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம். இலத்தீன் உரைநடையில் டெப்போனன்ட் எச்சத்தைக் கண்டால் முதலில் தமிழ் வினையெச்சமாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே நிற்கும்.

ஏழாம் படி: வாக்கியத்தில் படித்தல்

வாய்பாட்டை எழுதி எழுதிப் பார்ப்பதைவிட, ஒரே வினை எல்லாக் காலங்களிலும் வரும் உரையைப் படிப்பது நல்லது. செக்வொருக்கு அப்படிப்பட்ட உரை இலத்தீன் நற்செய்திகள். பின்தொடர்வதைப் பற்றித்தானே அங்கே பேச்சு. எளிய வாக்கியங்கள், தமிழ் மொழிபெயர்ப்பும் பல வீடுகளில் இருக்கும். பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சமய நம்பிக்கை எதுவானாலும் மொழிப்பயிற்சிக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

மத்தேயு 9-ஆம் அதிகாரம், 9-ஆம் வசனத்தில் தொடங்குங்கள். சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த மத்தேயுவிடம் இயேசு சொல்கிறார்: செக்வெரெ மே. எத் சுர்கேன்ஸ், செக்கூத்துஸ் எஸ்த் எஉம். ஆறேழு சொற்களுக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். செக்வெரெ ஏவல் ஒருமை, மே 'என்னை'. ஐந்தாம் படியில் சொன்ன ஏமாற்று உருவம் இதுதான், எதிரே ஒருவரிடம் பேசுவதால் கட்டளை என்று தெரிகிறது. சுர்கேன்ஸ் 'எழுந்து'. இது சாதாரண வினை, ஆகவே 'எழுந்து' என்பதற்குரிய முற்று எச்சம் அதற்கு இல்லை. நிகழ்கால எச்சத்தை வைத்துச் சமாளித்திருக்கிறது. செக்கூத்துஸ் எஸ்த் முற்று, ஆண்பால் ஒருமை. எஉம் 'அவரை'. 'என்னைப் பின்தொடர். அவன் எழுந்து அவரைப் பின்தொடர்ந்தான்.' மே, எஉம் இரண்டும் இரண்டாம் வேற்றுமையில் இருக்கின்றன. செக்வொர் எப்போதும் ஐ உருபை ஏற்கும், தமிழில் போலவே.

அப்புறம் இவற்றைத் தேடிப் படியுங்கள். யோவான் 8:12-ல் க்வீ செக்வித்துர் மே, 'என்னைப் பின்தொடர்கிறவன்'. மாற்கு 1:18-ல் வலைகளை விட்டுவிட்டுச் சீடர்கள் செக்கூத்தீ சுந்த் எஉம். பன்மை என்பதால் துஸ், தீ ஆகியிருக்கிறது. மத்தேயு 8:19-ல் ஒரு மறைநூல் அறிஞர் செக்வர் தே என்கிறார், 'உம்மைப் பின்தொடர்வேன்'. மத்தேயு 16:24-ல் எத் செக்வாத்துர் மே, 'என்னைப் பின்தொடரட்டும்'. மத்தேயு 27:55-ல் கலிலேயாவிலிருந்து வந்த பெண்களைப் பற்றி க்வை செக்கூத்தை எரந்த் என்று வரும்: பெண்பால் பன்மை, அதிலும் எரந்த் சேர்ந்து 'பின்தொடர்ந்து வந்திருந்த'. லூக்கா 23:27-ல் பெருங்கூட்டம் ஒன்று இயேசுவின் பின்னே போகிறது: செக்வேபாத்துர். அதே வசனத்தில் பெண்கள் லாமெந்த்தாபந்த்துர், 'புலம்பிக்கொண்டிருந்தார்கள்'. அதுவும் டெப்போனன்ட். கூட்டம் என்பது இலத்தீனில் ஒருமை, அதனால் முதல் வினை ஒருமையில் நிற்கிறது.

கவிதை வேண்டும் என்பவர்களுக்கு வெர்ஜில். ட்ராய் நகரம் எரிகிறது. ஈனியாஸ் வயதான தந்தையைத் தோளில் சுமந்துகொண்டு, சிறுவனான மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். மகனைப் பற்றிய வரி: செக்வித்துர்க்வெ பத்ரெம் நோன் பஸ்ஸிபுஸ் ஐக்வீஸ். கடைசியில் ஒட்டிய க்வெ நம் உம்மை போன்றது. பத்ரெம் 'தந்தையை'. நோன் பஸ்ஸிபுஸ் ஐக்வீஸ் 'சமமல்லாத அடிகளோடு'. அப்பாவின் நடைக்கு ஈடு கொடுக்க முடியாமல் சின்னக் கால்களோடு பின்னால் வருகிறான். நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எழுதும்போது

இலத்தீனில் நீங்களே வாக்கியம் அமைக்கும்போது ஒரு தடை வரும். 'நான் பின்தொடரப்படுகிறேன்' என்று சொல்ல வேண்டும். செக்வொரின் செயப்பாட்டு உருவம் ஏற்கெனவே செய்வினைப் பொருளுக்குப் போய்விட்டதால் வேறு உருவம் இல்லை. வாக்கியத்தைத் திருப்புங்கள்: 'மக்கள் என்னைப் பின்தொடர்கிறார்கள்', செக்வுந்த்துர் மே. தமிழிலும் அதுதான் இயல்பான வாக்கியம்.

பிற்காலத்தில் பேச்சு இலத்தீனே இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. ர் விகுதிகள் தேய்ந்து மறைந்தன. இத்தாலிய மொழியின் செகுயிரே, ஸ்பானிய மொழியின் செகிர், பிரெஞ்சு மொழியின் சுயிவ்ர் எல்லாம் செக்வொரின் பிள்ளைகள்தான், ஆனால் சாதாரணச் செய்வினைகளாகிவிட்டன. அந்த மொழிகளில் ஒன்று தெரிந்தவர்கள் அதை வைத்துச் செக்வோ என்று உருவாக்கிவிட வேண்டாம்.

செக்வொர் கைவந்த பிறகு லொக்வொர், லொக்வீ, லொக்கூத்துஸ் சும் (பேசு) எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு எழுத்து இதே வாய்பாடு, ஒரே அமர்வில் முடிந்துவிடும். அடுத்து முதல் வகைக்கு ஹொர்த்தொர் (ஊக்கு), இரண்டாம் வகைக்கு வெரெஒர் (பயப்படு), நான்காம் வகைக்கு மெந்த்திஒர் (பொய் சொல்), மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிற்கும் பத்திஒர் (பொறுத்துக்கொள்), மொரிஒர் (இற). இவற்றுக்குப் பிறகுதான் ஊத்தொர் (பயன்படுத்து). அது ஐ உருபை ஏற்காமல் நம் ஆல் உருபுக்கு நிகரான வேற்றுமையை ஏற்கும்: 'கத்தியைப் பயன்படுத்து' என்பதற்குக் 'கத்தியால்' என்று போட வேண்டும். செக்வொரோடு சேர்த்து அதைப் படித்தால் இரண்டின் வேற்றுமையும் கலந்துவிடும். சில நாள் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள்.